புளி மண்டி வீட்டுக் குழந்தை

கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த டாக்டருக்கு வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. அவரும் ஒரு கம்பவுண்டரும் நானும் மட்டும். நான் சேலத்தில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரசாங்கத்திலிருந்து அம்மை குத்த வருபவர் ஒரே ஆள். சுற்றியிருந்த கிராமங்களையெல்லாம் முடித்துவிட்டு எங்கள் பக்கம் வர அவருக்கு வெகு நாளாகும். அதனால் ஊரின் பழைய பேட்டைக் குழந்தைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சுகாதார அதிகாரி எங்கள் டாக்டரிடம் மருந்தைக் கொடுத்துவிடுவார்.

மருந்து வந்தது, குழந்தைகள் வரவில்லை. ஆண் டாக்டர், தெரியாத வாசல், போதாததற்குக் கத்தி வைத்துக் கிழிக்கிறார்கள் என்ற பேச்சு வேறு. ஐஸில் வைத்திருந்த மருந்துக் குழாய்கள் வீணாவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அப்போது உதவிக்கு வந்தவர் புளி மண்டிக்காரரின் மனைவி. பழைய பேட்டையில் அவர்கள் வீட்டின் பின்கட்டில் மாசி, பங்குனி மாதங்களில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள், சிலர் கன்னடம். கைக்குழந்தையை மரத்துத் தூளியில் போட்டுவிட்டு வேலை செய்வார்கள். என்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பழக்கத்தில் அந்த அம்மாள் ஒருநாள் சொன்னார்.

"அவங்க அங்க வரமாட்டாங்க நர்சம்மா. நீங்க இங்க வந்துடுங்க. எங்க வூட்டு ஆம்பளைங்க யாரும் பின்கட்டுக்கு வரமாட்டாங்க. நான் பேசிக்கிறேன்."

பேசினார். தமிழில் ஆரம்பித்து தெலுங்கில் அதட்டி, கன்னடத்தில் கெஞ்சி, ஒவ்வொருத்தியாகக் கூட்டி வந்து என் முன்னால் உட்காரவைத்தார். எங்கள் கருவி பல் வைத்த ஒரு சிறு வட்டத் தகடு. தோளுக்குக் கீழே மருந்தைத் தடவி, அதை வைத்து அழுத்தி ஒரு திருகு திருக வேண்டும். குழந்தை வீறிடும்போது தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்திலேயே நிற்பார்.

அவருக்கும் மடியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. முதல் நாளே, கடைசியாகத் தன் குழந்தையை நீட்டினார். முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கரப்பான் படை நீர் கோத்திருந்தது. நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"கரப்பான் இருந்தா குத்தவே கூடாது. குத்தின அம்மை உடம்பெல்லாம் பரவிடும். ஆறட்டும்" என்றார்.

அது சரியான விதி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். களிம்பு கொடுத்தோம். அந்த அம்மாள் வாரா வாரம் குழந்தையின் கையை விரித்துக் காட்டுவார். "இப்ப பாருங்க, இப்ப போடலாமா?" கன்னம் ஆறியது. முழங்கை மடிப்பில் மட்டும் காசளவு ஒரு திட்டு நின்றது, அதுவும் ஏறக்குறைய காய்ந்துவிட்டது. டாக்டர், அதுவும் போகட்டும் என்றார். போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாய் திறக்கவில்லை. டாக்டர் சொன்ன பிறகு நர்ஸ் என்ன சொல்வது. வெயில் ஏறியதும், கெட்டுவிடும் என்று அரசாங்கத்தில் மருந்து அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

சித்திரையில் ஓசூர் சாலை வழியாக வந்த வண்டிக்காரர்களோடு பெரியம்மை வந்தது. பேட்டையில் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகினார்கள். மண்டியில் நாங்கள் குத்திய குழந்தைகளில் ஒன்றுக்கும் வரவில்லை. மண்டிக்காரரின் குழந்தைக்கு வந்தது.

போய்ப் பார்த்தேன். வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் விரல் வைக்க இடமில்லை. அந்த அம்மாள் விசிறிக்கொண்டே இருந்தார்.

"உங்க கைப்பட்ட புள்ளைங்க எல்லாம் நல்லாருக்குதுங்களாமே" என்றார்.

"ஆமாக்கா."

"அது போதும்னு சொல்ல எனக்கு மனசு வரல நர்சம்மா."

குழந்தை பிழைத்தது. முகமெல்லாம் வடு. இடது கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவைத் தவிர்த்தேன். பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும் சுற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த பருவத்தில் மருந்து வந்த செய்தி கேட்டு அந்த அம்மாளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "மண்டியில புது ஆளுங்க வந்திருக்காங்க. நீங்க வரலையா?" என்று மட்டும் கேட்டார். நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அங்கே ஒரு பெண் தன் பிள்ளையைத் தர மறுத்தாள். அந்த அம்மாள் மகளை அவள் எதிரே தூக்கிப் பிடித்தார்.

"இதப் பாரு. குத்தாத புள்ள இதான்."

"ஏன், நீ குத்தலையா?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான் பயந்துக்கினு வேணாம்னுட்டேன்."

நாங்கள்தான் வேண்டாம் என்றோம் என்று தெரிந்தால் அந்தப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுத்தவள் தன் பிள்ளையின் கையை நீட்டினாள். நான் திருகினேன்.

அதன் பிறகு வருடா வருடம் அதே வார்த்தைதான். ஊருக்குச் சொன்னது வீட்டுக்குள்ளும் பரவி, மாமியார் அதையே வைத்து அவரைக் குத்திக்காட்டினார். பெற்றவளே பிள்ளையின் கண்ணைக் கெடுத்தாள் என்று அவர் பேசியதை என் காதாலேயே கேட்டேன். ஒருமுறை அந்த அம்மாள் தனியாக இருக்கும்போது, "ஏன் அக்கா இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன். "வேற எப்படிச் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். டாக்டரிடம் சொன்னபோது அவர், "அந்த அம்மா இல்லாட்டி நமக்குப் பேட்டையே இல்ல" என்றார். அதுவும் உண்மைதான். அந்த உண்மையின் மேல்தான் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

பெண் வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒரு பங்குனியில், வழக்கம்போல அம்மா அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியதும், அவள் அம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா எனக்கு மட்டும் போடல?" என்று புடவைக்குள்ளிருந்து கேட்டாள்.

"நான்தான் பாப்பா..." என்று அந்த அம்மாள் தொடங்கினார்.

"இல்ல" என்றேன். "உங்கம்மா வாரா வாரம் வந்து கேட்டாங்க. உனக்குக் கரப்பான் இருந்துச்சு. ஆறட்டும்னு சொன்னது நாங்க."

பின்கட்டில் புளி தட்டும் சத்தம் நின்றது. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டு பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்கள் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி தன் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, முதுகை என் பக்கம் திருப்பினாள்.

"இதுக்கும் சொறி இருக்குது. இருந்தா போடலாமா, போடக்கூடாதா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். வெறும் வேர்க்குரு. போட்டேன்.

பெண் புடவையிலிருந்து முகத்தை எடுத்து, "அப்ப பாட்டி உன்னைத் திட்டறது பொய்யா?" என்று அம்மாவைக் கேட்டாள். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாருக்கு முன்னாலும் நிறுத்தவில்லை. மாமியார் பேச்சும் குறைந்ததாகக் கேள்விப்பட்டேன். மண்டிக் கதவு எங்களுக்கு எப்போதும்போலத் திறந்தே இருந்தது.

அந்தப் பெண் மட்டும் என்னோடு பேசவில்லை. நான் பெட்டியோடு நுழைந்தால், எழுந்து மறுகட்டுக்குப் போய்விடுவாள். நான் வேலை மாறி ஊரைவிட்டுப் போகும்வரை அப்படித்தான். கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவள் போகும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த குழந்தையை வாங்கிக்கொள்வேன்.