கோபுரக் கரை போட்ட காலுறைகள்

என் நாத்தனார் என்னைப் பொய்க்காரியாக்கிய நாளில் அரக்குநிறப் பட்டு உடுத்தியிருந்தாள். அதன் சந்தனநிறக் கரையில் கோபுரம் கோபுரமாக முக்கோணங்கள் ஏறி இறங்கின. 2009ஆம் ஆண்டு தை மாதம். சிதம்பரத்தில் உறவினர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா. நான் ஆறு வாரம் உட்கார்ந்து பின்னிய கம்பளிச் சட்டையைக் குழந்தையின் தாயிடம் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறி நாத்தனாரிடம் போயிற்று. அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"அண்ணி, நம்ம கடலூர்ல பீச் ரோட்டு ஓரமா நேபாளிக்காரங்க கடை போட்டிருக்காங்களே, அங்கதான வாங்குனீங்க? நல்லாத்தான் இருக்கு. வாங்குனேன்னு சொன்னா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க?"

அந்தக் கூடத்தில் முப்பது பெண்களாவது இருந்திருப்பார்கள். அவர்களில் நால்வர் கல்லூரியில் என்னிடம் தாவரவியல் படித்தவர்கள். கையிலிருந்த காபியை மீதமின்றிக் குடித்தேன், டம்ளரைக் கீழே வைத்தேன், அனைவரிடமும் முறையாக விடைபெற்றேன். கடலூர்ப் பேருந்தில் ஏறினேன்.

முப்பத்தோராண்டுகள் விரிவுரை ஆற்றியவள் நான். மாணவிகளின் பதிவேடுகளில் பிறர் வரைந்த படத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள். கடைச்சரக்கைக் கைவேலை என்று சொல்லிக் கொடுத்தேன் என்ற பேச்சோடு நான் சாக முடியாது. "அவ வாய் அப்படித்தான், விடு" என்றார் என் கணவர். அவருடைய தங்கை, அவரால் விட முடிந்தது.

இந்த மாவட்டத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றைப் பின்னுவதென்று முடிவு செய்தேன். இரண்டு நிற நூலில், முழங்கால்வரை ஏறும் ஒரு ஜோடிக் காலுறைகள். அவற்றை வீட்டில் உட்கார்ந்து பின்னப் போவதில்லை. எந்த உறவுகளின் முன்னால் அவள் பேசினாளோ, அந்த உறவுகளின் விசேஷங்களில், முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொரு கண்ணியையும் அவர்கள் காணப் பின்னுவேன். முடிந்ததும் அவளுக்கே கொடுப்பேன். அவளுடைய மகன் பனி பெய்யும் நாட்டில் வேலை பார்த்தான். என்றேனும் ஒரு நாள் அங்கே போவேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். போகட்டும், என் கைவேலையைக் காலில் மாட்டிக்கொண்டு போகட்டும்.

உதகையில் ஆசிரியையாக இருந்த பழைய மாணவிக்கு எழுதி அசல் கம்பளி நூல் வரவழைத்தேன். நிறங்கள் அரக்கும் சந்தனமும். வரைபடத் தாளில் கட்டத்துக்கு ஒரு கண்ணி என்று கணக்கிட்டு, அன்று அவள் உடுத்தியிருந்த பட்டின் கோபுரக் கரையை நினைவிலிருந்து வரைந்தேன். அந்தக் கரையை நான் மறக்கவில்லை.

ஒரே ஒரு தடை இருந்தது. காலுறைக்குக் கால் அளவு வேண்டும். அவள் எனக்குப் பதினோரு வயது இளையவள். மூத்தவள் இளையவளின் காலைத் தொட்டு அளவெடுப்பது எங்கள் குடும்பத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். காலை நீட்டு என்று கேட்பதற்கும் என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சித்திரையில் நாத்தனார் குடும்பத்தார் சிதம்பரத்தில் புதுமனை புகுந்தபோது வழி கிடைத்தது. கழற்றிப்போட்ட செருப்புகள் வாசலில் மலையாகக் குவிந்திருந்தன. பொன்னிற வளையம் வைத்த பழுப்புச் செருப்பில் அவள் வந்து இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். எல்லோரும் பால் காய்ச்சுவதைப் பார்க்க உள்ளே போன சமயத்தில் இஞ்ச் டேப்பை எடுத்து அந்தச் செருப்பை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தேன். கெண்டைக்காலின் சுற்றளவை, என் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டேன். விஞ்ஞான முறைதான் அது.

இரு நிறப் பின்னலில் வேலை மெதுவாகத்தான் நகரும். ஒரு நூல் வலக்கையில், மற்றது இடக்கையில். ஒன்று முன்னால் கண்ணியாகும்போது மற்றது பின்னால் காத்துக்கொண்டே வரவேண்டும். அதைச் சற்று இறுக்கினாலும் துணி சுருங்கிவிடும். கடலூர் வெயிலில் விரல் வியர்த்து நூல் ஒட்டும். மடியில் துண்டு விரித்துக்கொண்டு துடைத்துத் துடைத்துப் பின்னினேன். முதல் காலுறையின் விளிம்பு ஒரு காதணி விழாவில் முடிந்தது. கெண்டைக்கால் ஓர் அறுபதாம் கல்யாணத்தில். அங்கேதான் அவள் அருகில் வந்து நின்றாள்.

"யாருக்கு அண்ணி இது?"

"உனக்குத்தான்."

அவள் முகம் போன போக்கை இன்றும் ரசிக்கிறேன். பின்னலைக் குனிந்து பார்த்தாள். கரையை அடையாளம் கண்டுகொண்டாள் என்றே நம்புகிறேன். அவளுக்குப் பதில் சொன்ன கவனத்தில் ஒரு கண்ணி பிசகி, கோபுரம் ஒன்று சாய்ந்துவிட்டது. ஏழு சுற்றுகளை அங்கேயே பிரித்தேன்.

"அய்ய, எதுக்குப் பிரிக்கிறீங்க? யாரு பாக்கப் போறா?"

"தப்பு பண்ணுனா பிரிச்சித் திருத்திக்கலாம். பேசுன பேச்சத்தான் பிரிக்க முடியாது" என்றேன், தலை நிமிராமல்.

2011 இறுதியில் அடித்த புயல் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பலாவைச் சாய்த்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று கூரை ஓடுகளைப் பெயர்த்தபோது நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது ஒன்றேகால் காலுறையும் நூல் உருண்டைகளும் இருந்த எவர்சில்வர் தூக்கைத்தான். இரண்டாவது காலுறையின் பெரும்பகுதியை அந்த வாரங்களின் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் அமர்ந்து முடித்தேன். ஜோடியை அருகருகே வைத்துப் பார்த்தேன். கோபுரத்துக்குக் கோபுரம் பொருந்தியது.

2012இல் மருமகளின் பிரசவத்துக்காக அவள் பயணம் புறப்பட்டாள். வழியனுப்பும் விருந்துக்குப் பழைய கூட்டம் அப்படியே வந்திருந்தது. வெற்றிலை, பழத்தோடு தாம்பாளத்தில் காலுறைகளை வைத்துக் கொடுத்தேன். "போட்டுக் காட்டுங்க" என்று பெண்கள் சொன்னார்கள். அவள் நாற்காலியில் அமர்ந்து மாட்டினாள். குதிகாலுக்கு மேல் ஏறவில்லை. இழுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். ஏறவே இல்லை.

"அளவெடுத்துத்தான் பின்னுனேன்" என்றேன்.

"எப்ப அண்ணி எடுத்தீங்க?"

மறைக்க வழியில்லை. "வீடு குடிபோன அன்னிக்கு, வாசல்ல கெடந்த உன் செருப்புல."

சுவரோரம் நின்ற அவள் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அத்தை! அன்னிக்கு அம்மா செருப்பு அறுந்து போச்சு. பின்னாடி குதிகால் தொங்கத் தொங்க என் செருப்ப மாட்டிகிட்டு வந்தாங்க!"

கூடமே சிரித்தது. மூன்றாண்டு வேலை ஒரு நொடியில் கேலிக்கூத்தாயிற்று. நாத்தனாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு காலுறையைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இப்ப நம்புறேன் அண்ணி. இது நீங்க பின்னுனதுதான். கடையில வாங்குனதா இருந்தா, சைஸ் மாத்திக் குடுத்திருப்பான் இல்ல?"

நான் மூன்றாண்டுகளாகக் காத்திருந்த வாக்குமூலம் அது. அதையும் கேலியாகவே கொடுத்தாள். மகள் காலுறைகளை வாங்கி மாட்டிப் பார்த்தாள். முழங்கால்வரை ஒரு சுருக்கமின்றி வழுக்கிக்கொண்டு ஏறின. பெண்கள் குனிந்து விளிம்பை மடித்து உட்புறம் பார்த்தார்கள். நூல்கள் எங்கும் தொங்காமல் சீராக ஓடியிருந்தன. என் பழைய மாணவி ஒருத்தி, "மேடம், எப்படி மேடம்!" என்றாள். அந்த அளவில் எழுந்து புறப்பட்டிருந்தால் என் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும்.

எனக்கு அது போதவில்லை.

பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். அவள் நாற்காலிக்கு எதிரே, அத்தனை பேர் பார்க்க, தரையில் அமர்ந்தேன். அவளுடைய வலது காலை எடுத்து என் மடியில் வைத்தேன்.

"அண்ணி! ஐயையோ, என்ன பண்றீங்க! பெரியவங்க நீங்க, கால தொடாதீங்க! எனக்குல்ல பாவம்!"

"ஆமா. உனக்குத்தான்" என்றேன்.

அவள் காலை இழுத்தாள். நான் விடவில்லை. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, இரு கைகளையும் கூப்பிக்கொண்டு, "போதும் அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது தப்புதான், விட்டுடுங்க" என்றாள். பாதத்தின் நீளம், குதிகாலின் சுற்று, கணுக்கால், கெண்டைக்கால் என்று ஒவ்வோர் அளவையும் நிதானமாக எடுத்து உரக்கச் சொன்னேன். மகள் காலண்டர்த் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டாள். ஐயத்துக்கு இடம் வேண்டாமென்று எல்லாவற்றையும் இரண்டாம் முறையும் அளந்தேன்.

பிறகு அந்தக் காலை இறக்கி வைத்துவிட்டு, "இடது காலையும் நீட்டு" என்றேன்.