எந்த ஊர் இங்கிலீஷ்

இறைச்சிக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர் காதுக்காரி. மாட்டுத் தொடையை எலும்பிலிருந்து பிரிக்கிற மேசையில் வேலை. கூடம் முழுக்கப் பல தேசத்து ஆட்கள். ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியாது. பொதுவாக இருந்தது ஓட்டை இங்கிலீஷ் ஒன்றுதான். அதை வைத்தே ஆள் எந்த நாடு என்று சொல்லிவிடுவாள். ஒருவன் ‘ஸ்டாப்’ என்பதை ‘இஸ்டாப்’ என்பான். இன்னொருவன் சொல்லின் வாலை விழுங்குவான். மூன்றாமவன் நேரம் கேட்டாலே சண்டைக்கு வருவதுபோல் இருக்கும். புது ஆள் வாயைத் திறந்தால் போதும், எல்லோரும் இவள் முகத்தைப் பார்ப்பார்கள். சரியாகச் சொன்னால் கத்திகளை மேசையில் தட்டி ஆரவாரம் செய்வார்கள்.

அந்தக் காது எப்படி வந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய அப்பா அடிக்கிற மனிதர். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் சொல்லும் முதல் வார்த்தையில், இன்றைக்கு அடி அம்மாவுக்கா தனக்கா, கையாலா பெல்ட்டாலா என்று தெரிந்துவிடும். தங்கையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புக அந்த அவகாசம் போதும். ஒருமுறை சளியில் காது அடைத்திருந்தது. அன்றைக்குத்தான் முன்பல் போனது. வளர்ந்து, கைநீட்டத் தெரியாத ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியும், காது மட்டும் காவலை விடவில்லை. கூடத்தில் அந்தக் காதின் வித்தையைப் பார்த்து நாலு பேர் சிரித்ததில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

எதிர் மேசையில் எலும்புக்காரன். அவ்வளவு வேகமாக மூட்டைக் கழற்றுவதால் அந்தப் பெயர். மலையடிவாரத்து ஊர்க்காரன். மலைக்கு அந்தப் பக்கத்து ராணுவம் அவனுடைய அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோய், நகமில்லாத விரல்களோடு பிணமாகத் திருப்பித் தந்தது. காதுக்காரியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். கனமான துண்டுகளை அவள் தூக்க விடமாட்டான்.

அந்த வாரம்தான் ஒரு புது ஆள் சேர்ந்திருந்தான். கொக்கியில் தொங்கும் மாடுகளைத் தள்ளிக்கொண்டு வருகிற வேலை. ஒல்லி. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். ஒரு காலையில் மேலே ஓடும் சங்கிலி சிக்கி, ஒரு முழு மாடு அவள் தலைக்கு நேராகச் சரிந்தது. அவன் இங்கிலீஷில் கத்தினான்: “பின்னால போ! சுவரோட நில்லு! அசையாத!”

மாடு அவள் காலடியில் விழுந்தது. உயிர் தப்பிய பதற்றத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ‘ர’வைத் தொண்டையில் உருட்டி, ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பதுபோல் முடித்த அந்த இங்கிலீஷை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள்.

“தம்பி, மாட்டிக்கிட்ட! நீ மலைக்கு அந்தப் பக்கம். சரிதானே?”

புது ஆளின் முகம் வெளுத்தது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“என்ன சொன்ன, தங்கச்சி?” என்றான் எலும்புக்காரன்.

மெதுவாகத்தான் கேட்டான். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அடி விழப்போகிற வீட்டின் குரல். “அண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பதற்குள் அவன் மேசையைத் தாண்டியிருந்தான்.

முதல் கத்திக்குத்து புது ஆளின் தோளில் இறங்கியது. இரண்டாவது முழங்கைக்குக் கீழே, எலும்பில் உரசி மறுபக்கம் வந்தது. புது ஆள் ஓடவில்லை, திருப்பி அடிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டான். காதுக்காரி பாய்ந்து கத்தியை வெறுங்கையால் பிடித்தாள். எலும்புக்காரன் அதை உருவிய வேகத்தில் அவளுடைய விரல்கள் எலும்புவரை பிளந்தன. முழங்கையால் முகத்தில் ஒன்று விட்டான். கொழுப்பும் ரத்தமும் பூசிய தரையில் வழுக்கி விழுந்தாள்.

அப்போதுதான் புது ஆள் அலறினான். இங்கிலீஷில் இல்லை. அவளுக்குப் புரியாத ஏதோ பாஷை.

எலும்புக்காரனுக்குப் புரிந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அதே பாஷையில் ஏதோ கேட்டான். புது ஆள் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னான். கத்தி கீழே விழுந்தது. எலும்புக்காரன் தன் ஏப்ரனைக் கிழித்து புது ஆளின் கையை இறுக்கிக் கட்டினான். அவன் போட்ட ஓலம், போலீஸ் வந்து விலங்கு மாட்டியும் ஓயவில்லை.

ஆஸ்பத்திரியில் புது ஆள் அவளிடம் சொன்னான்: “எங்க ரெண்டு பேர் ஊரும் பக்கத்துப் பக்கத்துல, அக்கா. என்னையும் அதே ராணுவம்தான் புடிச்சுட்டுப் போச்சு. எங்க பாஷைல பேசினா வாயிலயே அடிப்பாங்க. இங்கிலீஷ்ல கேட்டாத்தான் தண்ணி. அதைச் சொல்லிக் கொடுத்தவன் அங்க காவலுக்கு நின்னவன். தப்பாச் சொன்னா பிரம்பு. நீங்க கேட்டது அவனோட குரல்.”

“எலும்புக்கார அண்ணன் உன் ஆளுன்னு தெரிஞ்சும் ஏன்டா பேசாம இருந்த?”

“பேசினா, அத்தனை பேர் செத்த எடத்துலேருந்து நீ மட்டும் எப்படி உயிரோட வந்தேன்னு கேப்பாரு.”

கோர்ட்டில் புது ஆள் எலும்புக்காரனுக்குத் தண்டனை வேண்டாம் என்றான். நீதிபதி கேட்கவில்லை. காதுக்காரிக்கு இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கத்தி பிடிக்க முடியாமல் பெட்டி ஒட்டும் பகுதிக்குப் போனாள். புருஷன்தான் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டான். அவன் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் எலும்புக்காரனைப் பார்க்க ஜெயிலுக்குப் போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலும்புக்காரன் அவளுடைய கையைப் பார்க்கவே மறுத்தான்.

“அவனுக்குக் கை எப்படி இருக்கு?”

“தூக்கறான் அண்ணே. புடிக்கத்தான் முடியல.”

அவன் தலையாட்டினான். பிறகு திரும்பி, நெற்றியைச் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். சத்தம் கண்ணாடி வழியாகவும் கேட்டது. சுவரில் சிவப்பாக ஒட்டிய பிறகுதான் காவலர்கள் ஓடிவந்து அவனைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி அடக்கினார்கள். அவள் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்துகொண்டே, “அடிக்காதீங்க, அவரை அடிக்காதீங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அடுத்த வாரமும் போனாள். அவன் அவளைப் பார்க்க வரவில்லை.