ஓட்டைவாயும் அண்ணனின் ரத்தமும்

வீட்டில் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். வாயில் எதுவும் தங்காது. அப்படிப்பட்டவளுக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததென்றால் விதியின் குசும்பை என்னவென்று சொல்வது!

கொரோனா தலைவிரித்து ஆடிய காலம். டி-டைமர், ஃபெரிட்டின் என்று குழாய் குழாயாக வந்து குவிந்தன. ரத்தம் உள்ளே உறைகிறதா, அழற்சி கைமீறிப் போகிறதா என்று காட்டும் எண்கள் அவை. தாறுமாறாக எகிறியிருந்தால் பெரும்பாலும் ஆள் வீடு திரும்பவில்லை. ஒரு மதியம் எகிறிய எண்ணுக்குப் பக்கத்தில், அதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அண்ணனின் பெயர் இருந்தது. இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே அதே ரத்தத்தை மறுபடியும் ஓட்டினாள். எண் இறங்கவில்லை.

டாக்டர் வாய் திறக்கும் முன்பே அண்ணிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். "அண்ணி, அண்ணன் பிழைக்கறது கஷ்டம். பேசணும்னா இப்பவே பேசிடுங்க."

நர்ஸ் ஃபோனை அண்ணனின் காதில் வைத்தாள். அவர் கண் மூடிக் கிடந்தார். அந்தப் பக்கம் அண்ணி மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினாள்.

அண்ணன் பிழைத்துவிட்டார்.

"எண் வாய்ப்பைத்தான் சொல்லும்மா, ஆளைச் சொல்லாது," என்றார் டாக்டர். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அண்ணிதான் பேயறைந்தவள் போல ஆகிவிட்டாள். புருஷனுக்குத் தட்டு வைத்த கையோடு அடுப்படிக்குள் ஓடிவிடுவாள். ஒருநாள் நாத்தனாரைத் தனியாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களை எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்ல, பிள்ளைங்களுக்காகத்தான் இருந்தேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன்டி. சாகப்போறவர்னு நினைச்சுத்தானே சொன்னேன்! அன்னைக்கு எடுத்த ரத்தத்துல, அவருக்குக் காது கேட்டுச்சான்னு பார்க்க முடியாதா?"

"அதுக்கெல்லாம் டெஸ்ட் இல்ல அண்ணி."

தன் வாயால் ஒரு வீட்டுக்குள் பேய் புகுந்துவிட்டதே என்று அவளுக்குத் தூக்கம் போயிற்று.

பிறகு செக்கப்புக்கு அண்ணன் வந்தார். கையில் பட்டை கட்டி, ரத்தம் எடுக்க ஊசி குத்தினாள். குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு உன் அண்ணி பேசினது எல்லாமே கேட்டுச்சு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா வீட்டை விட்டுப் போயிடுவா."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள். "ஏதாவது சொன்னாராடி?"

"ரத்தமெல்லாம் நல்லா இருக்கு அண்ணி."

அதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. அண்ணி காத்திருந்தாள். ஓட்டைவாய் இப்படிப் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அப்போ அவருக்குக் கேட்டிருக்கு," என்றாள் அண்ணி.