கோழிக்கறி நல்லாயிருந்ததாம்

கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள சின்னக் கடைக்குள் நுழைந்ததும், என்னையறியாமல் "வணக்கம்" என்று சொல்லிவிட்டேன். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கந்தோரிலை இருந்து வாறியள்?" என்று, அரசாங்க அலுவலக அதிகாரியைக் கேட்பதுபோலக் கேட்டார். குளிக்கச் சவர்க்காரம் வாங்க வந்தேன் என்ற பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இருபத்தைந்து வயது வரைக்கும் இதே ஊரில், "ஒரு சவர்க்காரம் தாங்கோ" என்று கடை வாசலிலிருந்தே கேட்டு வாங்கியவன் நான். பிரான்சில் பதின்மூன்று வருடம் இருந்ததில், வந்தனம் சொல்லாமல் வாய் எதையும் கேட்க மறுக்கிறது.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியேறிய புதிதில், பாண் விற்கும் பேக்கரியில் விரலை நீட்டி "அது ஒன்று" என்றேன். அங்கே நின்ற பெண் பாணைத் தொடவில்லை. "போன்ஜூர் மிசியே" என்றாள். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு முறையும் சொன்னாள். பின்னால் நின்ற வரிசை முழுவதும் என் முதுகைப் பார்த்தது. முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமென்று மூன்றாம் முறைதான் எனக்கு விளங்கியது. நானும் "போன்ஜூர்" சொன்னேன், பாண் கைக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பாணைத் தின்ன மனம் வரவில்லை.

எங்கள் மாடியில் அடுத்த கதவு மதாம் கொலெத்துடையது. ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருப்பவர். ஒரு நாள் என்னையும் என் மனைவி மரியாவையும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தார். மரியாதையாக இருக்கட்டும் என்று ஏழு மணிக்கே போய் மணி அடித்தோம். ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்தார் பாவம். பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் மேசைக்கு வந்தன. ருசியாக இருந்தது, நல்ல பசியும் இருந்தது. இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டார். "நோன், மெர்சி", வேண்டாம், நன்றி என்றேன். இனி அவர் இரண்டாம் தரம் கேட்பார், மூன்றாம் தரம் நான் கேளாமலே போடுவார் என்று பீங்கான் தட்டை வாகாக நகர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் சிரித்தபடி சட்டியைத் தூக்கிக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் டின் மீனும் பாணும் சாப்பிட்டோம். மரியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

பிறகு அந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. ஓமென்றால் ஓம், வேண்டாமென்றால் வேண்டாம். யாரும் யாரையும் வருத்துவதில்லை. ஊரில் இருந்து யாராவது தொலைபேசியில் கதைத்தால், நம்முடைய ஆட்கள் பசியை வயிற்றில் வைத்துக்கொண்டு வாயால் பொய் சொல்கிறவர்கள் என்று நக்கலடிப்பேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறைய வேண்டும்போல இருக்கிறது.

கொண்டச்சி ஊர் ரசீன் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெளிநாடு போவதற்கு முன்னர் சிலாவத்துறையில் மீன் லொறியொன்றில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். அவர் ஓட்டுவார், நான் ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்குவேன். அவருடைய குடும்பம் நீண்ட காலம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தது. வழியில் லொறியை அங்கே நிறுத்துவார். அவர்களுக்கே அளவான சோறுதான் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு நாளும், "வேண்டாம் ராத்தா, சாப்பிட்டனான்" என்பேன். அவருடைய மனைவி சுபைதா ராத்தா அதை ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. பீங்கானைக் கையால் மூடினால் கையின் மேலேயே சோற்றைப் போட்டுவிட்டு, "இப்ப கையையும் சேத்துத் தின்னு" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் ரசீன் நானா பிரான்சுக்கு வந்தார். லியோனில் இருக்கும் மகள் ஷிபானாவைப் பார்க்க வந்தவர். காலையில் பாரிசில் இறங்கி, மாலை ரயில் ஏறும்வரைக்கும் எங்கள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. மரியா முதல் நாளே ஹலால் கடைக்குப் போய்க் கோழி வாங்கிச் சமைத்து வைத்திருந்தாள். வேலைக்குப் போகும்போது, "நானாவுக்குச் சூடாக்கிக் குடுங்கோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விமானம் பிந்தியதில் நாங்கள் வீடு வந்து சேர இரண்டரை மணியாகிவிட்டது. நான் பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் அவரைக் கூட்டிவரப் போயிருந்தேன். அவர் முகம் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"நானா, சாப்பிடுறியளோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. பிளேன்ல தந்தவங்க."

"சரி நானா," என்றேன்.

அவ்வளவுதான். கறிச்சட்டி குளிர்பெட்டிக்குள்ளேயே இருந்தது. தேத்தண்ணியும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்தேன். ஒரு பிஸ்கட் எடுத்தார், மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். நான் அவருக்கு எங்கள் பல்கனியைக் காட்டினேன். மதாம் கொலெத்தின் கதையைச் சொன்னேன். ஓம், உருளைக்கிழங்குச் சட்டி குசினிக்குப் போன அதே கதையைத்தான். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

மாலையில் மரியா குளிர்பெட்டியைத் திறந்தாள். "என்னப்பா, சட்டி அப்பிடியே இருக்கு?"

"வேண்டாமெண்டவர்."

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"சாப்பிடுறியளோ எண்டு கேட்டனான்."

"கேட்டதுதான் பிழை," என்றாள். 

அடுத்த நாள் ஷிபானா போன் எடுத்தாள். "அங்கிள், வாப்பாவ நல்லாக் கவனிச்சீங்களாம். மரியா ஆன்ட்டியின்ட கோழிக்கறி நல்லாயிருந்ததாம், சொல்லிச் சொல்லி முடியல்ல அவருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "பிளேன்ல ஹலால் சாப்பாடு சொல்ல மறந்துபோச்சு அங்கிள், கொழும்பில இருந்து ஒண்டும் தின்னாம வந்திருக்கார். உங்கட வீட்டில சாப்பிட்டதால பரவாயில்ல. ஆனா இங்க வந்ததும் நிண்ட நிலையில அரைப் பாணத் திண்டார். வயசு போனா பசி கூடுமோ தெரியா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓம் பிள்ளை, பயணக் களைப்பு" என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தின்னாத கறிக்கு அவர் ருசி சொல்லியிருக்கிறார். என் வீட்டில் பட்டினி கிடந்ததை மகளுக்கும் தெரியாமல் மூடி, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். தகரக் கொட்டிலில் எனக்குச் சோறு போட்ட மனுசன். வெட்கம் என்றால் முகத்தில் வந்து போவது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தங்கவும் செய்யும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த முறை ஊருக்கு வந்ததே அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான். போவதற்கு முன் போன் எடுத்து, எத்தனை மணிக்கு வந்தால் வசதி என்று கேட்டேன். "எங்கட ஊட்டுக்கு வர நேரம் கேக்குறியா?" என்று சுபைதா ராத்தா சிரித்தார். பன்னிரண்டு மணி சொல்லி, பன்னிரண்டுக்கே போய் நின்றேன். இப்போது கல்வீடு. வெளியே பந்தலில் பாய் விரித்து, சோறும் மீன் ஆணமும் பொரியலும் பரப்பியிருந்தது. கைகழுவியதும் சொல்லிவிடுவது என்று வசனத்தை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"நானா, அண்டைக்கு எங்கட வீட்டிலை..." என்று தொடங்கினேன்.

"அந்தக் கோழிக்கறியத்தானே சொல்லப்போறாய்?" என்று இடையில் புகுந்தார் நானா. மனைவியின் பக்கம் திரும்பி, "சொன்னேனே புள்ள, மரியாட கை தனிக் கை," என்றார்.

சுபைதா ராத்தா என்னைப் பார்த்தார். "இவர் மூணு வருசமா அந்தக் கறியப் பத்தித்தான் பேச்சு. அதுக்குள்ள என்னதான் போட்டா மரியா?"

நான் உண்மையைச் சொன்னால் அவரைப் பெண்சாதிக்கு முன்னால் பொய்யராக்க வேண்டும். நானா சோற்றைப் பிசைந்துகொண்டு, தலையைத் தூக்காமல் இருந்தார். "தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட விடுறவ, ராத்தா," என்றேன். கொண்டுவந்த மன்னிப்பை அதோடு விழுங்கிவிட்டேன்.

பீங்கான் காலியானதும் ராத்தா அகப்பை நிறையச் சோற்றை அள்ளினார். வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் அந்தச் சோறு எனக்கு வேண்டும், அது விழுந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பைத்தியக்காரத்தனமாக ஆசைப்பட்டேன். "வேண்டாம் ராத்தா, போதும்," என்று சொல்லி, அந்தக் காலத்தைப் போலவே பீங்கானைக் கையால் மூடினேன்.

"தம்பிய விடு புள்ள," என்றார் நானா. குரலில் ஒரு குத்தலும் இல்லை, அன்புதான் இருந்தது. "அவர் இருக்கிற நாட்டில வேண்டாமெண்டா வேண்டாம்தான். நாம வற்புறுத்தப்படாது."

ராத்தா ஒரு கணம் தயங்கிவிட்டு, அகப்பையைச் சட்டிக்கே திருப்பிக்கொண்டுபோனார். நான் கையை எடுக்கவில்லை. ஒரு பருக்கையும் விழாமல், அது வெறும் பீங்கானை மூடியபடி இருந்தது.