தீக்குழிக்கு அடியில் போன கேபிள்

காலை ஒன்பது பத்துக்கு மோடத்தின் பச்சை விளக்கு சிவப்பானது. பத்து மணிக்கு மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நேர்முகத் தேர்வு, கணினி வழியாக. வெள்ளைச் சட்டை போட்டுத் திரைக்கு முன்னால் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருப்பது கிள்ளான் பட்டணத்தைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு தெரிந்தாலே பெரிது. தூண் நட்டுக் கேபிள் இழுக்கத் தோட்ட நிர்வாகம் இடம் தரவில்லை. எங்களுக்கென்று உரிமையுள்ள மண் கோயில் நிலம் மட்டும்தான். அதனால் கேபிளைக் கோயில் வாசல் வழியாகப் புதைத்துக் கொண்டுவந்தார்கள். தீமிதிக்கு வருஷா வருஷம் குழி வெட்டுவது அதே வாசலில்தான். அது யாருக்கும் தோன்றவில்லை.

கோயிலுக்கு ஓடினேன். குழிக்குள் நின்ற கோயில் தலைவர் கையில் அறுந்த கறுப்பு வயர்.

"வேர்னு நெனச்சு ஒரே போடு போட்டுட்டேன் தம்பி."

"பிளாஸ்டிக்ல எந்த மரத்துக்குண்ணே வேர் இருக்கு? பாப்பாவுக்கு இன்னிக்கு இன்டர்வியூ!"

"ஆத்தா காரியம்லா, கோவப்படாத. வேற வயர் போட்டுக்கலாம்," என்றார் பூசாரி.

"எப்ப? அடுத்த தீமிதிக்கா?"

தலைவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தன் லோரியை எடுத்தார். "பாப்பாவ ஏறச் சொல்லு. பண்டமாரான் டவுனுக்குப் போனா லைன் கெடைக்கும்." மகள் மடிக்கணினியோடு ஏறினாள். துணைக்கு அவர் மனைவியும் ஏறிக்கொண்டதில் எனக்கு இடமில்லை.

பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லோரிகள் வரிசை கட்டி நிற்குமே, பத்து மணிக்குள் போய்ச் சேர்வார்களா? அனுப்பிய செய்திகள் எதுவும் போகவில்லை. கோடு தேடிக் கால்வாய்ப் பாலம்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். போகிற வழியில் பூசாரியிடம் இன்னொரு முறை சண்டை போட்டேன். அவர் பாவம், எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மதியம் லோரி வந்தது. மகள் இறங்கினாள். சட்டை முழுக்க வேர்வை.

"பேசிட்டேன்பா. லேட்டா வந்ததுக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா கடைசியா ஒண்ணு கேட்டாங்க. பாதி வகுப்பு வீட்டிலிருந்தேதானாம், ஆன்லைன்ல. உன் வீட்டுல லைன் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லிட்டேன்பா."