பதினான்கு நிமிடக் கணினி

தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். புது மேசைக் கணினி என் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டுக்கு வந்த அன்றே, பழைய சின்ன மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே வீடியோவை ஓடவிட்டேன். கோயிலில் வாராவாரம் நான் எடுக்கும் வெள்ளிக்கிழமை பூஜை, ஒரு மணி நேரப் படம். அதைக் கோயிலின் இணையப் பக்கத்தில் போடும் அளவுக்குச் சுருக்குகிற என்கோடிங் வேலைக்கு மடிக்கணினி இரண்டே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. மேசைக் கணினி பதினான்கே நிமிடத்தில் முடித்துவிட்டது.

கைதட்டத் தோன்றியது. தட்டினால் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாலைதான் என் மடத்தனம் புரிந்தது. மனைவி பிரிந்து போனபின் நான் வாய்விட்டுப் பேசுவது நிபோங் திபாலில் இருக்கும் அக்காவிடம் மட்டும்தான். ஆனால் காரணம் இல்லாமல் போன் போடுகிற ஆள் நான் இல்லை. வீண் ரோஷம். "வீடியோ ஓடுதுக்கா, முடியற வரைக்கும் சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்பதுதான் கைவசம் இருந்த ஒரே சாக்கு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள் இருப்பவள், எனக்காகப் பாவம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பேன். மடிக்கணினியின் தயவில் இரண்டு மணி நேரம் ஓடும். நடுவில் கேட்பாள்:

"எத்தன பர்சன்ட் ஆச்சு?"

"நாப்பது."

"அப்ப நெறைய நேரம் இருக்குலா" என்று அடுத்த கதைக்குப் போவாள்.

அன்று அவள் முட்டி வலியைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் நூறு வந்து நின்றது. "எத்தன ஆச்சு?" என்றாள்.

"பத்து" என்றேன்.

தொழிற்சாலையில் ஓர் அளவைக்கூட மாற்றி எழுதாதவன், அக்காவிடம் வாராவாரம் அளந்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்து, பழைய மடிக்கணினி இந்நேரம் எவ்வளவு முடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்ததும் வீட்டில் கவிகிற அமைதியை நினைத்தால் பொய்யே மேல் என்று தோன்றும்.

ஐந்தாவது வாரம் அக்காவுக்குக் கடும் இருமல். மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே, "எத்தன ஆச்சு தம்பி?" என்றாள். அறுபத்தெட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

"முடிஞ்சிருச்சுக்கா. போய்ப் படு. எப்பவோ முடிஞ்சிருச்சு. புது கம்ப்யூட்டருக்குப் பதினாலு நிமிஷம்தான் ஆவும். இத்தன நாளா பொய் சொன்னேன்."

"தெரியும்லா."

"எப்படி?"

"நீ கோயில் பக்கத்துல போட்டதும் என் போன்ல டிங்குன்னு வருதே. நீ அம்பதுன்னு சொல்றப்ப நான் தீபாராதனையே பாத்து முடிச்சிருப்பேன்."

முடிந்ததும் வீடியோ தானாகவே கோயில் பக்கத்தில் ஏறும்படி புதுக் கணினியில் நானேதான் அமைத்திருந்தேன். அக்கா என் வீடியோக்களைப் பார்ப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒருநாளும் கேட்டதும் இல்லை.

"அப்பறம் ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் எத்தன பர்சன்ட்னு கேட்ட?"

இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"முடிஞ்சிருச்சுன்னு நான் சொல்லிட்டா, நீ வெச்சிருவியே தம்பி. இந்த வீட்டுல எங்கிட்ட யாரு பேசறா?"