பேட்டரியைக் கழற்றியவன்

முக்குளிப்பவர்களின் டைவ் கம்ப்யூட்டரை இப்போது கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கொண்டு திரிகிறார்கள். போன வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குள் வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குமட்டல் என் மேல்தான்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் அக்காவின் கணவரும் ஒரே கம்பெனியில் முக்குளிக்கும் வேலை பார்த்தோம். தஞ்சோங் பகாரில் ஆபீஸ், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அடியில் வேலை. கடலுக்குள் இறங்குகிறவன் என்றால் பவளம், வண்ண மீன் என்று கேட்பார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் எண்ணெய்ப் படலமும் சிப்பி அப்பிய இரும்பும் கப்பல் சமையலறைக் கழிவும்தான். ஒருமுறை முகக்கண்ணாடியில் வந்து ஒட்டியதை விரலால் வழித்துப் பார்த்தேன். அழுகிய முட்டைக்கோஸ் இலை. வெறும் முட்டைக்கோஸ்தானே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், அப்படிப்பட்ட தண்ணீர் அது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அம்மா மூக்கைப் பிடிப்பார்.

அந்த வேலையில் உயிரைக் காப்பது நேரம். ஆழத்தில் இருக்கும்போது மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் ஊறிக்கொண்டே போகும். அளவுக்கு மேல் ஊறிய பிறகு விறுவிறுவென்று மேலே வந்தால் அது ரத்தத்திலும் நரம்பிலும் குமிழாகப் பொங்கிவிடும். அதற்குப் பெண்ட்ஸ் என்று பெயர். அது வராமலிருக்க எங்களிடம் ஒரு அட்டவணை இருந்தது. எவ்வளவு ஆழம் தொட்டாயோ, முழு நேரமும் அங்கேயே கிடந்ததாக அது எடுத்துக்கொள்ளும். அதனால் கொஞ்ச நேரம்தான் கொடுக்கும்.

கம்பெனி ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்கியது. சோப்புக்கட்டியைவிடப் பெரியது. அதன் கையேட்டை உட்கார்ந்து முழுக்கப் படித்தவன் நான் ஒருவன்தான். படித்ததோடு விட்டேனா, தேக்கா சந்தைக் கடையில் கோப்பி குடிக்கும்போதெல்லாம் அத்தானுக்கும் எங்கள் சூப்பர்வைசருக்கும் பாடம் எடுத்தேன். மெஷின் சில வினாடிக்கு ஒருமுறை தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும், உடம்பைச் சில கற்பனைப் பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கும் என்றேன். பச்சைப்பயறு சீக்கிரம் ஊறும், கொண்டைக்கடலைக்கு ஒரு ராத்திரி வேண்டும், அதுபோல ரத்தம் சீக்கிரம் ஊறும், மூட்டும் கொழுப்பும் மெதுவாக ஊறும், ஊறினது வெளியேறுவதும் அதே வேகத்தில்தான் என்றேன். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு எல்லை உண்டு. எது முதலில் எல்லையைத் தொடப்போகிறதோ, அதற்கு மிச்சமிருக்கும் நிமிடத்தைத் திரையில் காட்டும். மேலே வந்து படகில் உட்கார்ந்திருக்கும்போதும் கணக்கு நிற்காது. எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்து அடுத்த முறைக்கு நேரம் சொல்லும்.

"அப்ப நம்ம ரத்தத்தை அது பாக்குதா?" என்று அத்தான் கேட்டார்.

"அது எங்க பாக்குது? மெஷினை மட்டும் கயித்துல கட்டி இறக்கிட்டு நீங்க மேல பிஸ்கட் தின்னுட்டு இருந்தாலும் அது பாட்டுக்குக் கணக்குப் போடும். பேட்டரிய கழட்டிப் போட்டா எல்லாத்தையும் மறந்துடும். புதுசா பொறந்த மாதிரி முழு நேரத்தையும் குடுக்கும்."

இதைச் சொல்லிவிட்டு நான் சிரித்தேன். சூப்பர்வைசரும் சிரித்தான். அந்த இரண்டு சிரிப்பையும் இன்றைக்கு நினைத்தாலும் என் வாயைக் கழுவவேண்டும் போலிருக்கிறது.

சாங்கிக்கு அப்பால் ஒரு கப்பல் நங்கூரத்தைச் சங்கிலியோடு நழுவவிட்டுவிட்டது. அதைத் தேடிக் கொக்கி மாட்ட எங்களை அனுப்பினார்கள். ஏறக்குறைய முப்பது மீட்டர் ஆழம், கையை நீட்டினால் கை தெரியாத சேறு. காலையில் இருவரும் இறங்கினோம், மெஷின் அத்தான் கையில். நேரம் தீரும்போதுதான் அவர் கையில் சங்கிலி தட்டுப்பட்டது. அடையாளத்துக்கு மிதவையைக் கட்டிவிட்டு வந்தோம். மேலே வரும்போது எனக்குக் காது அடைத்து வலி பிடுங்கியது. அன்றைக்கு அதற்கு மேல் என்னால் இறங்கமுடியாது.

மதியம் சூப்பர்வைசர் மெஷினைப் பார்த்தான். முப்பது மீட்டருக்கு ஏழு நிமிடம்தான் காட்டியது. ஏழு நிமிடத்தில் சேற்றுக்குள் கொக்கி மாட்டமுடியாது. கப்பலோ சாயங்காலம் கிளம்பியாகவேண்டும். அவன் என்னைப் படகின் பின்பக்கம் கூப்பிட்டான். நம்ம ஆள்தான், தீபாவளிக்கு எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்கு முறுக்கு அனுப்புகிறவன்.

"மெஷின் சும்மா பயப்படுது லா. பேட்டரிய கழட்டிப் போட்டா சரியாயிடும்னு நீதானே சொன்ன? போடு. ஒன் டைம் தானே, ஜோப் முடிஞ்சிடும்."

"அண்ணே, அப்படிச் செஞ்சா ஒரு நாள் முழுக்க இறங்கக்கூடாதுன்னு புக்ல போட்டிருக்கு."

"புக் எழுதினவன் வந்து நங்கூரம் எடுப்பானா? அடுத்த மாசம் உன்னை அசிஸ்டன்ட்டா போடலாம்னு இருக்கேன். கெடுத்துக்காத."

நான் மூடியைத் திருகினேன். பேட்டரியை எடுத்தேன், திரும்பப் போட்டேன். திரை முழுக்க எட்டு என்ற எண்ணாக வந்து மறைந்தது. முப்பது மீட்டருக்குப் பத்தொன்பது நிமிடம் என்றது. காலையில் ஊறிய நைட்ரஜன் அத்தான் மூட்டுகளில் அப்படியே இருந்தது. மெஷினிலிருந்துதான் போயிருந்தது.

அத்தான் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு நின்றார். மெஷினை அவர் கையில் நானே கட்டிவிட்டேன்.

"சரியா இருக்காடா?"

"இருக்கு அத்தான்."

அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மேல்முனையை நான் பிடித்துக்கொண்டேன். கொக்கி மாட்டியாயிற்று என்று அவர் இழுத்துச் சைகை கொடுத்தார். மெஷின் சொன்ன நேரத்துக்குள், மெஷின் சொன்ன வேகத்தில் ஒழுங்காக மேலே வந்தார். ஒன்றிலும் பிசகவில்லை. முதலில் தோள் குடைகிறது என்றார். பிறகு வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டினதுபோல் இருக்கிறது என்றார். எழுந்து நிற்கப்போனவர் படகில் மடிந்து விழுந்தார். மூத்திரம் போனது அவருக்கே தெரியவில்லை. சூப்பர்வைசர் அந்த ஈரத்தில் கால் படாமல் தள்ளி நின்றுகொண்டான்.

இரும்பு உருளை போன்ற அழுத்த அறையில் படுக்கவைத்து, ஆழத்தின் அழுத்தத்தை மறுபடி ஏற்றி, மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். வலது கால் தேறியது. இடது காலில் பாதி உணர்ச்சிதான் திரும்பியது. அறிக்கையில் சூப்பர்வைசர் 'கருவிக் கோளாறு' என்று எழுதினான். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் சொன்னபடியே அசிஸ்டன்ட் ஆனேன். கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஜென்மமாகத்தான் இருந்தேன்.

வீட்டில் எல்லாரும் அந்த மெஷினைச் சபித்தார்கள். "பாழாப்போன மெஷினு, அவரு கால தின்னுடுச்சே" என்று அக்கா அழும்போது நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அத்தானுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் முதல் வரிசையில் முழந்தாளிட்டேன். கடைசியில் தாங்கமுடியாமல் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார், அதோடு அத்தானிடம் போய்ப் பேசச் சொன்னார். முதலாவதை அன்றைக்கே கோயிலிலேயே முடித்தேன். இரண்டாவதற்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

தேக்காவில் அதே கோப்பிக் கடைக்கு அவரை அழைத்துப்போய்ச் சொன்னேன். பேட்டரி, பத்தொன்பது நிமிடம், கையெழுத்து எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தேன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நீ கழட்டினதை நான் பார்த்தேன்டா."

அப்போதுதான் தலையைத் தூக்கினேன்.

"படகு முன்பக்கத்துல இருந்து பார்த்துட்டுதான் இருந்தேன். அதான உங்கிட்ட கேட்டேன், சரியா இருக்கான்னு. நீ இருக்குன்ன. படிச்சவன், அக்கா புருசனை இறக்குறவன், ஏதோ வெவரம் தெரிஞ்சுதான் செய்றான்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் அத்தான் இவ்வளவு நாளா…"

"அக்காவுக்குக் கூடப்பொறந்தவன்னு நீ ஒருத்தன்தானே இருக்க" என்றார். "அவகிட்ட சொல்லிடாத. வா, போலாம்."

எழுந்து நடந்தோம். கடைகளுக்கு முன்னால் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், காய்கறித் தண்ணீரும் மீன் செதிலுமாக இருந்தது. அவர் எனக்கு முன்னால் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். நாலடி போனதும் அந்தக் காலின் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை. அந்த அழுக்கில் வெறுங்காலை வைத்துக்கொண்டு, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று என்னிடம் பேசியபடியே இரண்டு கடை தாண்டிப் போய்விட்டார். நான் குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.